நம்பர் கட்டிய காட்டுப் பட்டாணி

அந்த ஞாயிற்றுக்கிழமை மலைச்சரிவில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான். என் வீட்டுக்காரர். எங்களுக்குப் பக்கத்தில் மேல்பக்க வீட்டில் குடியிருந்த இட்லி அண்ணாச்சி. அவர் சம்சாரம், அவளை நான் மதினி என்று கூப்பிடுவேன். ஐந்தாவது ஆள் எங்கள் குடியிருப்புக் கமிட்டிக்காரர், மராத்திக்காரர். வேறு யாரும் இல்லை. பின்னால் விஷயம் பெரிதானபோது, தாங்களும் இருந்ததாக வராத சிலர் சொன்னார்கள். தான் வரவேயில்லை என்று வந்தவர்களில் ஒருவரே சொன்னார். அதனால் இதை முதலில் எழுதிவிடுகிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுதும்போது முன்னது பின்னதாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம், பத்தரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. செம்பூர் மலையில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால், தடுப்புச் சுவருக்கு மேலே முளைத்திருந்த காட்டுப் பட்டாணிச் செடிகளை ஒன்று விடாமல் பிடுங்கி, மழைத்தண்ணீர் ஓடுகிற நாலாவில் எறிந்தோம். பிடுங்கிவிடலாம் என்று முதலில் சொன்னது நான்.

அந்த வீட்டுக்கு நாங்கள் வந்த கதையைச் சொன்னால்தான் இது புரியும். அதற்கு முன்னால் தாராவியில் பதினொரு வருஷம் வாடகைக்கு இருந்தோம். கீழே தோல்பை தைக்கிற பட்டறை, ஏணி வைத்து ஏறினால் மாலா என்கிற பரண், அதில் நாங்கள். அதே பட்டறைக்கு நான் பைகளில் நூல் பிசிறு வெட்டிக் கொடுப்பேன். என் வீட்டுக்காரர் குர்லாவில் கிரில் வெல்டிங் செய்கிறவர். ஒருநாள் சர்வே என்று வந்து எங்கள் சந்தில் கதவுக்குக் கதவு பெயின்டால் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். நம்பர் எழுதினால் அடுத்து என்ன வரும் என்பது எங்கள் சந்தில் எல்லோருக்கும் மனப்பாடம். முதலில் நம்பர். பிறகு போட்டோ. பிறகு காகிதம் கேட்பார்கள். காகிதம் இல்லாதவன் சாமானை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். எங்களிடம் காகிதம் இல்லை. வீட்டுச் சொந்தக்காரர் எங்களை இறங்கச் சொல்ல ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அப்போதுதான் செம்பூர் மலையில் பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒற்றை அறை, இந்த ஊரில் சொன்னால் ஒரு கோலி, ஆறு லட்சத்துக்கு விலைக்கு வந்தது. இனி ஒருத்தனும் என்னை இறங்கச் சொல்லக்கூடாது என்று எனக்கு வெறி. நகையை விற்றும் சீட்டுப் பணத்தை எடுத்தும் இரண்டரை லட்சம் சேர்ந்தது. மிச்சம் மூன்றரை லட்சத்தைக் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினோம். கையில் கிடைத்தது ஒரு முத்திரைத்தாள், அவ்வளவுதான். கரன்ட் பில் பழைய ஆள் பெயரிலேயே வந்தது. மாதம் ஏழாயிரம் வட்டி கட்டுகிற வீட்டில் இன்னொருத்தன் பெயரில் விளக்கு எரிந்தது.

முதல் மழைக்கே அந்தச் செடி எங்கள் பின்சுவருக்கு மேலே வந்துவிட்டது. ஜூன் கடைசியில் முளைக்கும், ஆவணியில் பூக்கும். இடுப்பு உயரம் வரை நிமிர்ந்து, பிறகு பக்கத்துப் புல்லைப் பிடித்துக்கொண்டு சாயும். மஞ்சள் பூ, கம்மல் அளவுக்கு. காய் விரல் நீளம், மேலே பொடி ரோமம். மதினிதான் அதைப் பிஞ்சிலே பறித்துத் தேங்காய் போட்டு வதக்கக் கற்றுக்கொடுத்தாள். லேசாகக் கசக்கும். காய்கறி விலை ஏறின வாரங்களில் அதுதான் எங்களுக்குக் கூட்டு.

மூன்றாவது மழையில், மலையில் செடி பார்க்கிறேன் என்று டீச்சர் வந்தார். மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவர், காலேஜில் செடிகொடி பாடம் நடத்தி ரிட்டயர் ஆனவர். நூற்று நாற்பது படி. குடையை ஊன்றி ஊன்றி ஏறி வந்து, எங்கள் வீட்டுக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு சுவருக்கு மேலே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மயக்கம் வருகிறதோ என்று நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"இது எத்தனை வருஷமா இங்க வரது?" என்றார். தமிழ்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நாங்க வந்து மூணு மழை ஆச்சு. மூணு மழைக்கும் வந்திருக்கு."

"ஆடு திங்கறதா?"

"ஆடு எங்க இருக்கு டீச்சர் இங்க? நாங்கதான் திங்கோம்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "சாப்பிடறேளா?"

"பிஞ்சக் கொஞ்சம் வதக்குவோம். தப்பா?"

"தப்பில்லை. நன்னா வேக வெச்சுக்கோங்கோ. ரொம்பச் சாப்பிட வேண்டாம்."

ரொம்பச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கேட்கப் பயந்து கேட்காமல் விட்டேன். பிறகு பத்து நாள், என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் கை கால் மரத்துப்போகிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் அன்றைக்கே விளக்கிச் சொன்னார். நாம் தின்கிற பட்டாணிக் குடும்பத்தில் இது காட்டுப்பிள்ளை. சஹ்யாத்ரி மலையில் சில சரிவுகளில் மட்டும் வரும். அங்கேயும் ரோடும் பங்களாவும் வந்து வருஷா வருஷம் குறைகிறது. இந்த ஊருக்குள்ளே, அதுவும் ஒரு சுவருக்கு மேலே இத்தனை இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சந்தோஷத்தில் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் ஒரு பை நிறையச் சின்னத் தகரத் துண்டுகளோடு வந்தார். ஒவ்வொன்றிலும் ஆணியால் குத்தி நம்பர் போட்டிருந்தது. நானும் மதினியும் ஏணி பிடிக்க, செடிக்குச் செடி மெல்லிய கம்பியால் அவற்றைக் கட்டினார். ஒன்றிலிருந்து எண்பத்து நான்கு வரை. கட்டிய பிறகு ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தார்.

நான் ஏணியைப் பிடித்தபடியே கேட்டேன். "நம்பர் எதுக்கு டீச்சர்?"

"எண்ணாம எழுதினா ஆபீஸ்ல யார் நம்புவா?"

"எந்த ஆபீஸ்?"

"வனத்துறைதான்."

அவ்வளவுதான் சொன்னார். போட்டோவைக் காட்டினார், நன்றாக வந்திருக்கிறதா பார் என்று. மஞ்சள் பூவுக்குப் பின்னால் எங்கள் கூரையின் நீலத் தார்ப்பாய் தெரிந்தது. இன்னொன்றில் என் துணிக்கொடி, அதில் என் வீட்டுக்காரர் பனியன். நம்பர் வந்தாயிற்று, போட்டோவும் வந்தாயிற்று. அடுத்து காகிதம் கேட்பார்கள்.

சுவருக்கு மேலே உள்ள மலை வனத்துறைக்குச் சேர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீடுகள் எல்லைக்கு இந்தப்பக்கமா அந்தப்பக்கமா என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாரும் ஆசைப்படவில்லை.

சனிக்கிழமை அண்ணாச்சி வீட்டில் கூடினோம். அண்ணாச்சி ஞாயிறு தவிர மற்ற நாள் விடியற்காலையில் சைக்கிளில் இட்லி டப்பாவைக் கட்டிக்கொண்டு மாதுங்காவுக்குப் போவார். பத்து மணிக்குத் திரும்பிவிட்டால் அப்புறம் எல்லாவற்றையும் கிண்டல்தான்.

"ரேஷன் கார்டுல பேர் சேக்க ஆறு வருசமா அலையுதேன்," என்றார். "பட்டாணிக்கு ஒரே நாள்ல நம்பர் வந்துட்டு. குடுத்துவச்ச செடி."

"சிரிப்பு வருதாக்கும்," என்றாள் மதினி, மாவு ஆட்டிக்கொண்டே. "நம்பர் செடிக்கு இல்ல, நம்ம தலைக்கு."

கமிட்டிக்காரர் இந்தியில் சுருக்கமாக முடித்தார். "ஃபாரெஸ்ட்வாலா ஆயா தோ சப் காலி." வனத்துறைக்காரன் வந்தால் எல்லாம் காலி என்கிறார். கீழ்ச்சரிவில் ஒரு வரிசை வீடு அப்படித்தான் போனது என்று கையை வீசிக் காட்டினார்.

என் வீட்டுக்காரர் பேசாத மனிதர். அவர் மட்டும், "அந்தம்மா வயசானவங்க. கஷ்டப்பட்டுக் கட்டிட்டுப் போயிருக்காவ. அவங்ககிட்ட ஒரு வார்த்த கேப்போமே," என்றார்.

"கேட்டா உண்மையச் சொல்லிருவாவளா?" என்றேன் நான். "செடி இருந்தாத்தான் நம்பர். செடியே இல்லன்னா எதை வந்து பாப்பாவ?"

அண்ணாச்சி, "தங்கச்சிக்கு மூள இருக்கு," என்றார். அந்தப் பாராட்டு எனக்கு அப்போது இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை பிடுங்கினோம். மழை விட்டு மண் இளகியிருந்ததால் இழுத்ததுமே வந்தன. வேரில் கடுகு கடுகாக முடிச்சு. பச்சைப் பட்டாணி உரிக்கும்போது வருகிற வாசம் கைமுழுக்க. காய் எல்லாம் பிஞ்சு, ஒன்றுகூட முற்றவில்லை. பாதியில் மதினி, "இன்னைக்குப் பொழுதுக்கு ஒரு வதக்கலுக்காவது எடுத்துக்கிடுதேன்," என்று மடியில் கொஞ்சம் போட்டாள். கமிட்டிக்காரர் மண்ணைக் காலால் சமப்படுத்தினார். நான் ஒவ்வொரு செடியிலிருந்தும் தகரத்தை அவிழ்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டேன். நம்பரோடு செடி தண்ணீரில் போய் எங்கேயாவது ஒதுங்கினால் யாராவது கண்டுபிடிப்பார்களே என்று அந்தப் பயம் வேறு. கடைசியில் சரிவு சவரம் செய்த கன்னம் மாதிரி இருந்தது.

பத்து நாள் கழித்து டீச்சர் வந்தார். சுவரைப் பார்த்தார். குடையை விரித்தபடியே நின்றார், மழை இல்லாமலே.

"ஆடு மேஞ்சிட்டு டீச்சர்," என்றார் அண்ணாச்சி.

"ஆடு கம்பியையும் அவுத்துண்டு போச்சா?"

டீச்சர் திட்டவில்லை, திரும்பிப் படி இறங்க ஆரம்பித்தார். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. வீட்டுக்குள் போய்ப் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். முப்பதாவது படியில் அவரைப் பிடித்தேன்.

"நாங்கதான் டீச்சர். நான்தான் சொன்னேன்."

அவர் படியிலேயே உட்கார்ந்து, பையை மடியில் கொட்டி எண்ணினார். எண்ணி முடித்ததும் முகம் மாறியது. "எண்பத்து மூணுதான் இருக்கு."

ஒன்று தப்பியிருக்கிறது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. திரும்ப ஏறினோம். அவருக்கு முழங்கால் வலி, நான் கையைப் பிடித்துக்கொண்டேன். சுவர் மேலே புல்லை விலக்கி விலக்கித் தேடினோம். மதினியும் வந்து தேடினாள். முக்கால் மணி நேரம். கடைசியில் நாலா ஓரம் கல் இடுக்கில் அது கிடைத்தது. தகரம் பளபளவென்று இருந்தது. செடி கறுத்து அழுகி, கம்பியில் நார்மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் அதையும் அவிழ்த்துப் பையில் போட்டார்.

"முத்தின காய் ஏதாவது எடுத்து வெச்சிருக்கேளா?"

"இல்ல டீச்சர். எல்லாம் பிஞ்சு."

அப்போதுதான் அவர் சொன்னார். உச்சியில் அந்தக் கோடையிலிருந்து ஜேசிபி வைத்து மலையை வெட்டிக்கொண்டிருந்தார்கள், மேலே வரப்போகிற கட்டடத்துக்கு ரோடு போட. அந்தச் சத்தம் எங்களுக்கும் பழகிப்போயிருந்தது. ரோடு வந்தால் தண்ணீர் லாரி வரும் என்று அண்ணாச்சி சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். வெட்டின மண்ணைச் சரிவிலேயே தள்ளுகிறார்கள், அது ஒருநாள் இறங்கும் என்று டீச்சர் எழுதிப் போட்டும் யாரும் காதில் வாங்கவில்லை. அரிதான செடி இருக்கிறது என்று நம்பரோடு போட்டோவோடு எழுதினதும்தான் வேலையை நிறுத்தி வைத்திருந்தார்கள், நேரில் வந்து பார்க்கிறோம் என்று. ஒரு வாரமாக ஜேசிபி ஓடவில்லை. மழைக்காக நிறுத்தியிருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"உங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும்," என்றார். "சொன்னா அந்த கான்ட்ராக்டர் காதுக்குப் போய், அவன் ஆளை விட்டுப் பிடுங்கிடுவான்னு பயந்தேன்."

எனக்குப் பக்கத்தில் மதினி தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள், புல்லைப் பார்த்தார்கள், டீச்சரிடம் இரண்டு வார்த்தை பேசினார்கள். பத்து நிமிஷம் இருந்திருப்பார்கள். எங்கள் வீடுகளை அவர்கள் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. காகிதம் கேட்பார்கள் என்று நான் முத்திரைத்தாளையும் கரன்ட் பில்லையும் இடுப்பில் செருகிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

தசரா முடிந்ததும் ஜேசிபி திரும்ப ஓடியது. கோடை முழுக்க மேலிருந்து மண் சரிந்து சரிந்து, பட்டாணி இருந்த இடத்தை ஓர் ஆள் உயரத்துக்கு மூடிவிட்டது. டீச்சருக்குப் போன் செய்து கேட்டேன், விதை மண்ணுக்குள் இருக்குமா என்று. "கெட்டித் தோல். பல வருஷம் உயிரோட இருக்கும்," என்றார். பிறகு, "ஆனா அத்தனை மண்ணுக்கு அடியிலேர்ந்து மேல வராது," என்றார். ஜூன் முழுக்க நான் பார்த்தேன். ஒரு முளைகூட வரவில்லை.

ஜூலையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள். மணிக்கொரு தரம் போய் அதைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகியிருந்தது. "மலைக்குக் காவல் போட்டிருக்கா தங்கச்சி," என்று அண்ணாச்சி சிரிப்பார். நாலாவது நாள் காலை ஒன்பதரைக்குப் பார்த்தபோது தெளிந்த தண்ணீருக்குப் பதில் டீ மாதிரி வந்தது. பத்து நிமிஷத்தில் அதுவும் நின்றுவிட்டது. கொட்டுகிற மழையில் ஓட்டை வறண்டு நின்றது. தண்ணீர் சுவருக்குப் பின்னால் கட்டி நிற்கிறது என்று புரிந்து, நான் கத்திக்கொண்டே கதவுகளைத் தட்டினேன். கீழ்வரிசையில் எல்லோரும் வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் குர்லாவில், அண்ணாச்சி மாதுங்காவில் இருந்து இன்னும் திரும்பவில்லை. மதினியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி வரை வந்தேன்.

"கிரைண்டர் கிடக்குட்டி," என்றாள். "அது போச்சுன்னா சோத்துக்கு என்ன செய்ய?"

"கிடந்தா கிடக்கட்டும், வாங்க மதினி."

கையை உதறிக்கொண்டு போய்விட்டாள். ஜல்லி லாரி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். முதலில் அவர்கள் வீடு தெரியவில்லை, அடுத்து எங்கள் வீடு தெரியவில்லை. அந்த இடத்தில் சிவப்பாக மண் மட்டும் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

மதினியை ஒன்றரை மணிக்கு எடுத்தார்கள். உயிர் இருந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் காலி இட்லி டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அழுததைப் பார்த்து, "நீ இழுத்தேல்லா, அது போதும்," என்றார். அதற்குப் பிறகு அவர் கிண்டல் செய்து நான் கேட்கவில்லை.

அந்த எண்பத்து நான்கு செடி மலையைத் தாங்கியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. விரல் நீள வேர் என்னத்தைத் தாங்கும்? அவை இருந்திருந்தால் வெட்டுவது நின்றிருக்குமா, இரண்டு மாதம் தள்ளிப்போயிருக்குமா, அதுவும் எனக்குத் தெரியாது. டீச்சரிடம் கேட்டேன். "எனக்கும் தெரியாதும்மா," என்றார். தெரியும் என்று சொல்லியிருந்தால், எந்தப் பக்கம் சொல்லியிருந்தாலும், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இடிந்த வீடுகளுக்கு நஷ்டஈடு என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் எங்கள் வீட்டுக்கு நேராகக் கரன்ட் பில்லில் இருந்த பழைய ஆளின் பெயர் இருந்தது. அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் திரும்பத் தாராவியில் ஒரு மாலாவுக்கு வந்துவிட்டோம். வாடகை முன்பைவிட அதிகம். நான் திரும்ப நூல் பிசிறு வெட்டுகிறேன்.

சுவர் விழுந்த மாதம் வட்டி கட்டவில்லை. அடுத்த மாதம் இரண்டு பேருமாகக் கிங்ஸ் சர்க்கிளுக்குப் போனோம். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார், கேட்டு உச்சுக்கொட்டினார். விட்டுப்போன ஒரு மாத வட்டியைத் தள்ளுபடி செய்தார். அதற்கு மேல் தன்னால் முடியாது என்றார். "வீட்டுக்கா நான் குடுத்தேன்? உங்களுக்குல்லா குடுத்தேன்," என்றார். அதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. வீடு இருந்த இடத்தில் இப்போது மண் இருக்கிறது, அதன் மேல் புல் முளைத்திருக்கிறது. அசலில் இத்தனை வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினது போக இன்னும் பாக்கி இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய்.